சிகிச்சைக்குப் பின்னும் ஒரு கடமை

மூளையில் கட்டி என்றதும் குடும்பமே நிலைகுலைகின்றது. நகையை விற்கின்றோம், இரவெல்லாம் துஆ கேட்கின்றோம். அறுவைச் சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பியதும் "அல்ஹம்துலில்லாஹ்" என ஆறுதல் அடைகின்றோம். ஆனால் அன்புச் சகோதர சகோதரிகளே! மறுவாழ்வுப் பயிற்சி என்னும் நெடும்பணி அதன் பின்னரும் தொடர வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிந்துள்ளோம்?

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் இயக்குகின்றன. பெரும்பாலோருக்குப் பேச்சாற்றல் இடப்பாதியில் அமைந்துள்ளது. எனவே கட்டியின் இடத்தைப் பொறுத்துக் கை கால் தளரலாம், சொல் வராது தடுமாறலாம், நினைவு மங்கலாம், காரணமின்றிக் கோபம் எழலாம். இவை பிடிவாதமல்ல; நோயின் விளைவுகளே. வாய் பேச இயலாதவருக்கும் நம் பேச்சு விளங்கக்கூடும். அவர் முன்னிலையிலேயே "இனி இவரால் என்ன ஆகும்?" எனப் புலம்புவது எத்துணைக் கொடுமை!

பிஸியோதெரபி நிபுணர் நிற்கவும் நடக்கவும் பழக்குவார். செயல்முறைப் பயிற்சியாளர் உண்ணுதல், உடுத்தல், குளித்தல் முதலிய அன்றாட வேலைகளைக் கற்பிப்பார். பேச்சுப் பயிற்சியாளர் பேச்சுடன் விழுங்கும் திறனையும் சோதிப்பார். தண்ணீர் அருந்துகையில் அடிக்கடி இருமல் வந்தால் உடனே தெரிவியுங்கள். நீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். கட்டி முழுவதும் அகலாதவருக்கும் இப்பயிற்சிகள் பயனளிக்கும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1966ஆம் ஆண்டிலேயே மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவைச் சிகிச்சைகள் செய்தவர்!

நம் வீடுகளிலோ பாசத்தின் மிகுதியால் அனைத்தையும் நாமே செய்து விடுகின்றோம். பயன்படுத்தாத கை மேலும் பலமிழக்கும். ஒரு கவளம் உண்ண நெடுநேரமானாலும் அவரே உண்ணட்டும். விழாமல் காக்க அருகில் இருங்கள். அதே வேளை, கதிர்வீச்சுச் சிகிச்சையால் வரும் களைப்பைச் சோம்பல் என ஏசாதீர்கள். பயிற்சிக்கிடையே ஓய்வும் தேவை. வலிப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது; நோன்பு நோற்பது பற்றியும் மருத்துவரிடமும் ஆலிமிடமும் முன்னரே கேட்டறியுங்கள்.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்துள்ளது. இயலாததற்குக் குற்றம் பிடிக்கவில்லை. இயன்றதை விட்டுவிடவும் சொல்லவில்லை. நோயாளியிடம் நாம் நடந்துகொள்ள வேண்டிய முறையும் இதுவே. இன்று படுத்துத் தொழுபவர் நாளை அமர்ந்து தொழக் கைகொடுப்போம். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ். முயல்வது நம் பொறுப்பு.