தடையியின் நிறப் பரிபாடையும் கணினியும்



இலத்திரனியற் சுற்றுகளில் மிக அதிகமாகப் பயன்படும் கூறு தடையி ஆகும். பாடசாலை ஆய்வுகூடத்தில் நீங்கள் கையாளும் கால் உவாற்றுத் தடையி ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவினது. இவ்வளவு சிறிய வளைந்த மேற்பரப்பில் எண்களை அச்சிட்டால் அவற்றை வாசிப்பது கடினம். சுற்றுப் பலகையில் பொருத்தும்போது எண்கள் கீழ்ப்பக்கமாகத் திரும்பிவிட்டால் வாசிக்கவே முடியாது. தடையியைச் சுற்றி இடப்படும் நிற வளையங்களோ எப்பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். இதனாலேயே தடையின் பெறுமானம் நிறங்களாற் குறிக்கப்படுகிறது. இம்முறை நிறப் பரிபாடை எனப்படும். இது சர்வதேச மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 60062 ஆம் இலக்க நியமத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது.

நிறங்களைத் தெரிவு செய்தவுடன் பெறுமானத்தைத் தரும் மென்பொருள்கள் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் தாராளமாக உள்ளன. ஆயினும் பரீட்சை மண்டபத்தில் அவை உங்களுடன் இருக்கமாட்டா. மேலும், நீங்கள் பிழையான நிறத்தைக் கொடுத்தால் மென்பொருள் பிழையான விடையையே தரும். எனவே அத்தகைய மென்பொருள் எவ்வாறு கணிக்கின்றது, எவ்விடத்தில் அதை நம்பலாம், எவ்விடத்தில் நம்பக்கூடாது என்பவற்றை இக்கட்டுரையிற் கற்போம்.

1. நிறங்களும் பெறுமானங்களும்

நிறம் – இலக்கம் – பெருக்கி – பொறுதி
கறுப்பு – 0 – 1 – இல்லை
கபிலம் – 1 – 10 – ±1%
சிவப்பு – 2 – 100 – ±2%
செம்மஞ்சள் – 3 – 1 000 – இங்கு தேவையில்லை
மஞ்சள் – 4 – 10 000 – இங்கு தேவையில்லை
பச்சை – 5 – 100 000 – ±0.5%
நீலம் – 6 – 1 000 000 – ±0.25%
ஊதா – 7 – 10 000 000 – ±0.1%
நரை – 8 – இங்கு தேவையில்லை
வெள்ளை – 9 – இங்கு தேவையில்லை
பொன் – இலக்கம் இல்லை – 0.1 – ±5%
வெள்ளி – இலக்கம் இல்லை – 0.01 – ±10%
வளையம் இல்லை – ±20%

நினைவில் வைத்திருக்க ஒரு வழி: சிவப்பு முதல் ஊதா வரையுள்ள நிறங்கள் (2 முதல் 7 வரை) வானவில்லின் ஒழுங்கிலேயே உள்ளன. கருநீலம் மாத்திரம் விடப்பட்டுள்ளது. அதற்கு முன்னர் இருண்ட நிறங்களான கறுப்பும் கபிலமும், பின்னர் வெளிறிய நிறங்களான நரையும் வெள்ளையும் வருகின்றன. இருளில் தொடங்கி வெண்மையில் முடிகின்றது எனக் கொள்க.

2. நான்கு வளையத் தடையி

முதலாம் வளையம் முதல் இலக்கத்தையும், இரண்டாம் வளையம் இரண்டாம் இலக்கத்தையும், மூன்றாம் வளையம் பெருக்கியையும், நான்காம் வளையம் பொறுதியையும் குறிக்கும். பொறுதி என்பது தடையியின் உண்மையான பெறுமானம் குறிக்கப்பட்ட பெறுமானத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதைக் காட்டும் எல்லையாகும்.

உதாரணம் 1: மஞ்சள், ஊதா, சிவப்பு, பொன்

இலக்கங்கள்: 4, 7. எனவே 47
பெருக்கி: 100
பெறுமானம் = 47 × 100 = 4 700 ஓம் (4.7 கிலோ ஓம்)
பொறுதி ±5%. 4 700 இன் 5% = 235 ஓம்
வீச்சு: 4 465 ஓம் முதல் 4 935 ஓம் வரை

இத்தடையியைப் பல்மானியால் அளந்தபோது 4 620 ஓம் எனக் காட்டினால் தடையி பழுது எனக் கருதலாமா? கூடாது. 4 620 என்பது மேற்படி வீச்சினுள் அடங்குவதால் தடையி நல்ல நிலையிலேயே உள்ளது. பொறுதியைக் கவனியாது “பிழை” என எழுதும் மாணவர் பலர் வீணே புள்ளிகளை இழக்கின்றனர்.

3. விரிதாளில் அமைத்தல்

மைக்ரோசொப்ட் எக்செல், லிபரே ஒபிஸ் கல்க் போன்ற எந்த விரிதாள் மென்பொருளிலும் இக்கணிப்பை நீங்களே அமைக்கலாம்.

படிமுறை 1: மேலே தந்துள்ள அட்டவணையை விரிதாளின் ஒரு பகுதியில் தட்டெழுதுக. முதல் நிரலில் நிறம், அடுத்த நிரல்களில் முறையே இலக்கம், பெருக்கி, பொறுதி என்பன இடம்பெற வேண்டும். பொருந்தாத கலங்களை வெறுமையாக விடுக. அவற்றில் 0 ஐ இடவேண்டாம். 0 என்பது கறுப்பின் இலக்கமாகும்.

படிமுறை 2: வேறொரு நிரையில் நான்கு கலங்களை உள்ளீட்டுக்கென ஒதுக்குக. மாணவர் இக்கலங்களில் நிறங்களை இடுவர்.

படிமுறை 3: ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய எண்ணை, அட்டவணையில் தேடி எடுக்கும் சார்பின் மூலம் பெறுக. முதலிரு நிறங்களுக்கும் இலக்க நிரலையும், மூன்றாவதற்குப் பெருக்கி நிரலையும், நான்காவதற்குப் பொறுதி நிரலையும் சுட்டுதல் வேண்டும்.

படிமுறை 4: பின்வரும் சூத்திரங்களை இடுக.

பெறுமானம் = (முதல் இலக்கம் × 10 + இரண்டாம் இலக்கம்) × பெருக்கி
இழிவுப் பெறுமானம் = பெறுமானம் × (1 − பொறுதி ÷ 100)
உயர்வுப் பெறுமானம் = பெறுமானம் × (1 + பொறுதி ÷ 100)

படிமுறை 5: உதாரணம் 1 இன் நிறங்களை இட்டுப் பார்க்க. 4 700, 4 465, 4 935 என்னும் எண்கள் கிடைத்தால் உங்கள் விரிதாள் சரியாக இயங்குகின்றது. விடை தெரிந்த தரவைக் கொடுத்துச் சோதிப்பதே எந்த மென்பொருளையும் பரிசோதிக்கும் முதற்படியாகும்.

கவனிக்க: பொன்னும் வெள்ளியும் முதலிரு வளையங்களாக வரமாட்டா. இவற்றை முதலிரு கலங்களில் ஏற்காதவாறு தரவு வலிதாக்கல் வசதியைப் பயன்படுத்துக. பொன் முதலில் உள்ளதாகத் தோன்றினால் நீங்கள் தடையியைத் தலைகீழாகப் பிடித்துள்ளீர்கள் என்பது பொருள்.

4. பெறுமானத்திலிருந்து நிறங்களைக் காணல்

எதிர்த்திசையிலும் வினாக்கள் வரலாம். இதற்கான போலிக் குறிமுறை வருமாறு:

தொடக்கம்
பெறுமானத்தை உள்ளிடுக
சுட்டி = 0
பெறுமானம் 100 இலும் குறையாதிருக்கும்வரை செய்க
  பெறுமானம் = பெறுமானம் ÷ 10
  சுட்டி = சுட்டி + 1
பெறுமானம் 10 இலும் குறைவாக இருக்கும்வரை செய்க
  பெறுமானம் = பெறுமானம் × 10
  சுட்டி = சுட்டி − 1
முதல் இலக்கம் = (பெறுமானம் ÷ 10) இன் முழுவெண் பகுதி
இரண்டாம் இலக்கம் = பெறுமானம் − முதல் இலக்கம் × 10
இரு இலக்கங்களுக்கும் சுட்டிக்கும் உரிய நிறங்களை வெளியிடுக
முடிவு

390 ஐ உள்ளிட்டால் முதலாவது மீள்செயல் ஒருமுறை நிகழும். பெறுமானம் 39, சுட்டி 1 ஆகும். நிறங்கள்: செம்மஞ்சள், வெள்ளை, கபிலம். 2.2 ஐ உள்ளிட்டால் இரண்டாவது மீள்செயல் ஒருமுறை நிகழ்ந்து 22 உம் சுட்டி −1 உம் கிடைக்கும். நிறங்கள்: சிவப்பு, சிவப்பு, பொன்.

சிந்திக்க: 0 ஐ உள்ளிட்டால் என்ன நிகழும்? 0 ஐ எத்தனை தடவை 10 ஆற் பெருக்கினாலும் 0 ஆகவே இருக்கும். இரண்டாவது மீள்செயல் ஒருபோதும் முடிவடையாது. எனவே பெறுமானம் 0 இலும் பெரிதா எனத் தொடக்கத்திலேயே சோதித்தல் வேண்டும்.

5. ஐந்து வளையத் தடையி: மென்பொருள் உதவாத இடம்

திருத்தம் கூடிய தடையிகளில் ஐந்து வளையங்கள் உள்ளன. முதல் மூன்றும் இலக்கங்கள், நான்காவது பெருக்கி, ஐந்தாவது பொறுதி. இவற்றின் பொறுதி பெரும்பாலும் கபில நிறத்தாற் குறிக்கப்படும். இங்குதான் சிக்கல் எழுகின்றது. ஒரு முனையில் பொன் அல்லது வெள்ளி இருந்தால் வாசிக்கத் தொடங்கவேண்டிய முனை எதுவெனத் தெளிவாகும். இரு முனைகளிலும் கபிலம் இருந்தால்?

உதாரணம் 2: கபிலம், கறுப்பு, கறுப்பு, சிவப்பு, கபிலம்

ஒரு முனையிலிருந்து: 100 × 100 = 10 000 ஓம் ±1%
மறு முனையிலிருந்து (கபிலம், சிவப்பு, கறுப்பு, கறுப்பு, கபிலம்): 120 × 1 = 120 ஓம் ±1%

இரண்டும் சந்தையில் உள்ள பெறுமானங்களே. எனவே மென்பொருள் இரண்டையும் எவ்வித எச்சரிக்கையுமின்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் சுற்று ஏற்றுக்கொள்ளாது. 9 வோல்ற்று மின்கலவடுக்கின் முனைகளுக்குக் குறுக்கே 10 000 ஓம் தடையியை இணைத்தால் 0.9 மில்லிஅம்பியர் மின்னோட்டமே பாயும். அதற்குப் பதிலாக 120 ஓம் தடையியை இணைத்தால் 75 மில்லிஅம்பியர் பாயும். அப்போது தடையியில் விரயமாகும் வலு 9 × 0.075 = 0.675 உவாற்று ஆகும். கால் உவாற்றுத் தடையி இதைத் தாங்காது வெப்பமாகிக் கருகும்.

இதனைத் தவிர்க்கும் வழிகள்:

(அ) பொறுதி வளையம் பொதுவாக ஏனையவற்றிலிருந்து சற்று விலகியோ சற்று அகலமாகவோ இருக்கும். அதனை இறுதியாக வாசிக்குக.
(ஆ) இடைவெளி தெளிவில்லையெனில் பல்மானியால் அளக்குக. அளக்குமுன் வழங்கலைத் துண்டித்து, தடையியின் ஒரு முனையையாவது சுற்றிலிருந்து விடுவிக்குக. இல்லாவிடில் அதற்குச் சமாந்தரமாக உள்ள பாதைகளும் அளவீட்டைப் பாதிக்கும்.
(இ) நல்ல வெளிச்சத்தில் வாசிக்குக. மஞ்சள் ஒளியில் கபிலம், சிவப்பு, செம்மஞ்சள் ஆகியன ஒன்றுபோலத் தோன்றும். நிறங்களை வேறுபடுத்துவதில் இடர்ப்படும் மாணவர்களுக்குப் பல்மானியே சிறந்த துணை.

6. நியமப் பெறுமானங்கள்

எல்லாப் பெறுமானங்களிலும் தடையிகள் தயாரிக்கப்படுவதில்லை. ±10% பொறுதிக்குரிய தொடரில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 ஆகிய 12 எண்களும் அவற்றின் பத்தின் வலுப் பெருக்கங்களுமே உள்ளன. ஒவ்வோர் எண்ணும் முந்தியதன் ஏறத்தாழ 1.21 மடங்காகும். ±5% பொறுதிக்குரிய தொடரில் இவற்றுக்கு இடையிலுள்ள எண்களும் சேர்ந்து 24 உள்ளன.

இத்தொடரை விரிதாளிற் சேர்த்தால் ஒரு நன்மை உண்டு. செம்மஞ்சள், செம்மஞ்சள் (33) என்பதைச் சிவப்பு, செம்மஞ்சள் (23) எனப் பிழையாக வாசித்தால், 23 இரு தொடர்களிலும் இல்லையென மென்பொருள் எச்சரிக்கும். ஆனால் 22 ஐ 12 என வாசித்தால் எச்சரிக்காது. 12 உம் தொடரில் உள்ள எண்ணாகும். இச்சோதனை சில பிழைகளையே பிடிக்கும்.

உதாரணம் 3: 9 வோல்ற்று மின்கலவடுக்குடன், 2 வோல்ற்றில் இயங்குவதும் உயர்ந்தபட்சம் 20 மில்லிஅம்பியரைத் தாங்குவதுமான சிவப்பு ஒளிகாலும் இருவாயி ஒன்றை இணைக்க வேண்டும். தொடராக இடவேண்டிய ±5% தடையியைத் தெரிவு செய்க.

தடையிக்குக் குறுக்கேயான அழுத்த வித்தியாசம் = 9 − 2 = 7 வோல்ற்று
தடை = 7 ÷ 0.02 = 350 ஓம்

350 தொடரில் இல்லை. அதற்கு மேலாக மிகக் கிட்டியது 360 ஓம். ஆயினும் பொறுதியைக் கருதும்போது அது 342 ஓம் ஆகவும் இருக்கலாம். அப்போது மின்னோட்டம் 7 ÷ 342 = 20.5 மில்லிஅம்பியர். இது எல்லையைத் தாண்டுகின்றது. அடுத்த பெறுமானமான 390 ஓமின் இழிவு 370.5 ஓம். அப்போதும் மின்னோட்டம் 18.9 மில்லிஅம்பியர் மாத்திரமே. எனவே 390 ஓம் தடையியே பொருத்தமானது. உயர்ந்தபட்ச வலு 7 × 0.0189 = 0.13 உவாற்று ஆதலால் கால் உவாற்றுத் தடையி போதும். நிறங்கள்: செம்மஞ்சள், வெள்ளை, கபிலம், பொன்.

இங்கு விரிதாள் 7 ÷ 390 இன் விடையை 0.017948718 எனக் காட்டும். தடையியே 5% விலகக்கூடியதாகையால் இத்தனை தசமதானங்களுக்குப் பொருளில்லை. 18 மில்லிஅம்பியர் என எழுதுதல் போதுமானது.

7. நினைவிற் கொள்க

• மூன்றாம் வளையம் இலக்கமன்று, பெருக்கியாகும். சிவப்பு எனில் 2 அன்று, 100.
• மூன்றாம் வளையம் கறுப்பு எனில் பெருக்கி 1. 0 ஆற் பெருக்கி விடை 0 என எழுதவேண்டாம்.
• விடையுடன் அலகையும் பொறுதியையும் எழுதுக.
• மென்பொருள் கணிப்பைச் செய்யும். நிறத்தையும் திசையையும் பார்ப்பது உங்கள் கண். சரிபார்ப்பது பல்மானி.

8. பயிற்சி

1. சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள், பொன் ஆகிய வளையங்களையுடைய தடையியின் பெறுமானத்தையும் வீச்சையும் காண்க.
2. கபிலம், கறுப்பு, பொன், பொன் ஆகியவற்றாற் குறிக்கப்படும் பெறுமானம் யாது?
3. 560 கிலோ ஓம் ±10% தடையியின் நிறங்களை ஒழுங்கில் எழுதுக.
4. நீலம், நரை, கறுப்பு, பொன் ஆகிய வளையங்களையுடைய தடையி பல்மானியில் 73 ஓம் எனக் காட்டியது. இது பொறுதியினுள் அடங்குமா?
5. ஒரு தடையியின் வளையங்கள் ஒரு முனையிலிருந்து கபிலம், பச்சை, கறுப்பு, சிவப்பு, கபிலம். பல்மானி 14 950 ஓம் எனக் காட்டியது. இம்முனையிலிருந்து வாசித்தது சரியா? மறுமுனையிலிருந்து வாசித்தால் என்ன கிடைக்கும்?
6. உதாரணம் 3 இல் மின்கலவடுக்கு 6 வோல்ற்று எனின், ±10% பொறுதிக்குரிய தொடரிலுள்ள பெறுமானங்களுள் பொருத்தமான ±5% தடையியைத் தெரிவு செய்க.

விடைகள்

1. 22 000 ஓம் ±5%. 20 900 ஓம் முதல் 23 100 ஓம் வரை.
2. 10 × 0.1 = 1 ஓம் ±5%.
3. பச்சை, நீலம், மஞ்சள், வெள்ளி.
4. 68 ஓம் ±5%. வீச்சு 64.6 முதல் 71.4 வரை. 73 அடங்காது.
5. சரி. 15 000 ஓம் ±1%. வீச்சு 14 850 முதல் 15 150 வரை. மறுமுனையிலிருந்து 120 × 100 000 = 12 மெகா ஓம்.
6. கணித்த தடை 4 ÷ 0.02 = 200 ஓம். தெரிவு 220 ஓம். அதன் இழிவு 209 ஓம், மின்னோட்டம் 19.1 மில்லிஅம்பியர். நிறங்கள்: சிவப்பு, சிவப்பு, கபிலம், பொன்.

முதலில் கையாற் செய்து, பின்னர் உங்கள் விரிதாளில் இட்டுச் சரிபார்க்க. இரண்டும் வேறுபட்டால் பிழை எங்குள்ளது எனக் கண்டுபிடிக்குக. அவ்வாறு கண்டுபிடிக்கும் ஒவ்வொரு பிழையும் பரீட்சையில் நீங்கள் விடாத பிழையாகும்.