குரிசுமலையில் தங்கப் போகிறவர்களுக்கு

ஏலப்பாறை, வண்டிப்பெரியார், பீர்மேடு வட்டாரத்தில் கொழுந்து கிள்ளும் நம்மவர்களுக்கு வாகமண் புதிய ஊரல்ல. அங்குள்ள மூன்று குன்றுகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. தங்கள்பாறை முஸ்லிம்களுக்கு, முருகன்மலை இந்துக்களுக்கு, குரிசுமலை கிறிஸ்தவர்களுக்கு. குரிசு என்றால் மலையாளத்தில் சிலுவை. பெரிய வெள்ளியன்று சிலுவை சுமந்து மலையேறும் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நம்மில் அநேகர். ஆனால் அந்தப் பெயரிலேயே அங்கு ஓர் ஆசிரமம் இருப்பதும், வெளியார் அங்கு சில நாள் தங்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களுக்கோ வேறு கவலைகள். நாம் இந்துக்களாயிற்றே, உள்ளே விடுவார்களா? எவ்வளவு பணம் ஆகும்? மதம் மாறச் சொல்வார்களா? காலையில் எத்தனை மணிக்கு எழுப்புவார்கள்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். வருடத்தில் கிடைக்கும் நாலு நாள் லீவைச் செலவழிக்கும் முன் ஒரு குமாஸ்தாவோ தோட்டத் தொழிலாளியோ இவற்றைக் கேட்கத்தான் வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கேரளத்துக் கிறிஸ்தவர்கள் "தியானம் கூடப் போகிறேன்" என்று சொன்னால், பெரும்பாலும் அது பிரசங்கமும் பாட்டும் ஜெபமுமாக நடக்கும் பல நாள் கூட்டத்தைக் குறிக்கும். சாலக்குடி பக்கம் முரிங்ஙூரில் நடப்பது அந்த வகை. ஒலிபெருக்கி உண்டு, பெருங்கூட்டம் உண்டு, தமிழிலும் நடத்துகிறார்கள். குரிசுமலை அதற்கு நேர் எதிர். இங்கே உங்களுக்கு யாரும் பிரசங்கம் செய்யப்போவதில்லை. சொல்லப்போனால், உங்களோடு அதிகம் பேசவே மாட்டார்கள்.

இது துறவிகளின் மடம். 1958 மார்ச்சில் இதைத் தொடங்கியவர்கள் இரண்டு வெளிநாட்டுத் துறவிகள். பெல்ஜியத்தில் 1912-ல் பிறந்த பிரான்சிஸ் மாஹியூ ஒருவர். இங்கிலாந்துக்காரரான பீட் கிரிபித்ஸ் மற்றவர். திருவல்லா ஆயர் மார் அத்தனாசியோஸின் ஆதரவில் மலைக்கு வந்தவர்கள், ஆரம்பத்தில் மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டிய குடிசையில், சாணம் மெழுகிய தரையில் வாழ்ந்தார்கள். காவி உடுத்தினார்கள், சைவ உணவு உண்டார்கள், தரையில் அமர்ந்து பூசை நடத்தினார்கள். வழிபாட்டு முறை மட்டும் சிரியன் மலங்கரை முறை. மாஹியூ இந்தியக் குடிமகனாகவே ஆகி, பிரான்சிஸ் ஆச்சாரியா என்ற பெயரில் கடைசி வரை இந்த மலையிலேயே இருந்து 2002 ஜனவரியில் காலமானார்.

கிரிபித்ஸ் 1968-ல் நம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார். குளித்தலைக்கு அருகே தண்ணீர்பள்ளியில், காவிரிக் கரையில், இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் 1950-ல் தொடங்கியிருந்த சாந்திவனம் ஆசிரமத்தை ஏற்று நடத்தி, 1993-ல் அங்கேயே மறைந்தார். திருச்சி, கரூர் பக்கம் ஊர் உள்ளவர்களுக்கு அது நன்கு தெரிந்த இடம். கிறிஸ்தவத் துறவி காவி கட்டலாமா என்று இரு தரப்பிலிருந்தும் கண்டனம் வந்தது. இது வெறும் வேஷம் என்றனர் சில இந்து எழுத்தாளர்கள். சபைக்கு உள்ளேயே, இது மதத்தைக் கலப்படம் செய்வது என்றனர் வேறு சிலர். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டே போவது நல்லது.

மாடும் ஜெபமும்

குரிசுமலை 1998-ல் சிஸ்டர்ஷியன் துறவற சபையில் சேர்ந்தது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குதான் அவர்களுக்குச் சட்டம். ஜெபம் பாதி, கைவேலை பாதி. கறவை மாடு வளர்ப்புதான் இந்த ஆசிரமத்தின் பிழைப்பு. ஜெர்சி காளைகளைக் கொண்டு நாட்டு மாடுகளைக் கலப்பினமாக்கி, சுற்றுவட்டாரக் குடியானவர்களும் பால் மாடு வளர்க்க வழிகாட்டியவர்கள் இவர்கள். ஆகவே, சாமியார் என்றால் கண் மூடி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் போனால், கையில் புல்லுக்கட்டோடு எதிரில் வருவார்!

அந்தப் பழைய சட்டத்தில் விருந்தாளிகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. நமக்கு வேண்டிய விஷயம் அதில் நிறைய உண்டு. விருந்தாளிக்குச் சமையலறை தனியாக இருக்க வேண்டும் என்கிறார் பெனடிக்ட். காரணம், வருகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் வருவார்களாம்; அதனால் மடத்தின் ஒழுங்கு கெடக்கூடாதாம். எவ்வளவு அனுபவப்பட்ட மனிதர் பாருங்கள்! விருந்தாளியைக் கவனிக்கும் பொறுப்பு இல்லாத துறவி, வழியில் அவரைக் கண்டால் வணங்கிவிட்டு, பேச அனுமதி இல்லை என்று சொல்லிப் போய்விட வேண்டும் என்பது இன்னொரு விதி. இது தெரியாமல் "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அது அலட்சியம் அல்ல, ஒழுங்கு.

மூன்றாவது விதிதான் முக்கியம். ஏழைகளையும் வழிப்போக்கர்களையும் விசேஷக் கவனத்தோடு வரவேற்க வேண்டும் என்கிறது சட்டம். பணக்காரருக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் அல்லவா? ஆபீசில் மானேஜர் கார் வந்தால் எழுந்து நிற்கிறவர்கள் நாம். 1,500 வருஷத்துக்கு முன்பே இதை ஒருவர் கண்டு எழுதிவைத்திருக்கிறார்.

என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

பொழுது விடியுமுன்பே ஜெபம் தொடங்கிவிடும். நாள் முழுவதும் பல வேளை ஜெபம். ஆலயத்துக்குள் செருப்பு கிடையாது. தரையில்தான் அமர வேண்டும். மலையாளமும் ஆங்கிலமும் கேட்கும். தமிழை எதிர்பார்க்க வேண்டாம். சாப்பாடு சைவம், எளியது, பாலுக்குக் குறைவிருக்காது. சாப்பிட்ட தட்டை நீங்கள்தான் கழுவ வேண்டும். இரவு ஜெபம் முடிந்தால் மறுநாள் காலை வரை பேச்சு இல்லை.

மற்ற மதத்தினர் பூசையில் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நற்கருணை என்று அப்பம் வழங்கும்போது எழுந்துபோய் வரிசையில் நிற்கக்கூடாது. அது அந்தச் சபையாருக்கு உரியது. கோயில் பிரசாதம் போல எண்ணிக் கை நீட்டிவிட்டுச் சங்கடப்படுவானேன்? இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்தால் போதும்.

நோய் தீரும், வேலை கிடைக்கும், குறி சொல்வார்கள் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். அங்கே அதெல்லாம் இல்லை.

விடியுமுன் எழுந்து, எளிய சோறு உண்டு, மாடு கன்று பார்த்து வாழ்வது நமக்கு லயத்திலேயே உண்டே, அதற்கு ஓர் ஆசிரமமா என்று ஒரு தோட்டத் தொழிலாளி கேட்டால் அதில் தவறில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி பீர்மேடு பக்கம் எஸ்டேட்டுகள் மூடப்பட்டபோது சம்பளமில்லாமல் தவித்த குடும்பங்களுக்கு எளிமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. வேறுபாடு ஒன்றே ஒன்று. அங்கே அந்த எளிமையைத் தாமாக விரும்பி ஏற்றிருக்கிறார்கள்; நம் மேல் அது வந்து விழுந்தது. அதை வைத்துப் பார்த்தால், அங்கே நமக்குக் கிடைக்கக்கூடியது ஓய்வும் மௌனமும்தான். யாரும் பெயர் சொல்லி அதட்டாத இரண்டு நாள். பத்துப் பேர் புழங்கும் லயத்து வீட்டில் அது கிடைக்காத பொருள்.

பத்து நாள் முழு மௌனம் வேண்டும் என்பவர்கள் விபாசனா முகாம்களுக்குப் போகிறார்கள். அங்கே விதிகள் இன்னும் கடுமை. நாலு மணிக்கு எழுப்புவார்கள். டெலிபோனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரவுச் சாப்பாடு கிடையாது. நடுவில் கிளம்பவும் கூடாது. கட்டணம் இல்லை. முடிந்தபின் விருப்பப்பட்டதைக் கொடுக்கலாம். திருவண்ணாமலை ரமணாசிரமத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி பெற்றால்தான் அறை. அதுவும் சில நாளுக்குத்தான்.

இப்போது வாகமண்ணில் ஹோட்டல்காரர்களும் "ரிட்ரீட்" என்று போர்டு மாட்டத் தொடங்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தபின் சனி, ஞாயிறுகளில் கார்களால் சாலை அடைத்துக்கொள்கிறது. பெயரைப் பார்த்து ஏமாந்து அங்கே போய், ஒரு ராத்திரிக்கு மாதச் சம்பளத்தில் பாதியைக் கேட்டார்களே என்று திகைக்க வேண்டாம். நாம் தேடுவது ஆசிரமம்.

போக விரும்புகிறவர்கள் முதலில் ஆசிரமத்துக்கு எழுதி இடம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெண்கள், குடும்பத்தினர் தங்குவது பற்றியும் அப்போதே விசாரித்துவிடுவது நலம். கட்டணம் என்று சொல்லாவிட்டாலும், தின்ற சோற்றுக்கும் படுத்த பாய்க்கும் இயன்றதைக் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை.

கம்பம், தேனிப் பக்கமிருந்து வருபவர்கள் குமுளி ஏறி, வண்டிப்பெரியார், பீர்மேடு, குட்டிக்கானம் வழியாக ஏலப்பாறை வந்து, அங்கிருந்து வாகமண் பஸ் பிடிக்க வேண்டும். ஜூன், ஜூலையில் மழையும் அட்டையும் அதிகம். எந்த மாதமானாலும் கம்பளியும் டார்ச்சும் கட்டாயம். மாலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடி தூரம் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.