கடதாசி மட்டையில் வேகும் பருப்பு

ஜெனீவாக்காரரான சொசூர் 1767ஆம் ஆண்டில் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடிக்கத் தொடங்கினார். பின்னர் அப்படியொரு பெட்டியை ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கிராமோன் உச்சிக்கே தூக்கிக்கொண்டு போனார். உச்சியில் காற்று 6 பாகை செல்சியஸ். பெட்டிக்குள் 88 பாகை. மறுநாள் சுமார் 1,480 மீட்டர் கீழே இறங்கி அதையே செய்து பார்த்தார். அங்கே காற்று 19 பாகை சூடு கூடியது. பெட்டிக்குள் மட்டும் ஏறக்குறைய அதே வெப்பம்.

நுவரெலியாவில் வெயில் அடுப்பு என்றால் "இந்தக் குளிரிலா?" என்றுதான் கேட்பார்கள். குளிர் பெரிய தடையில்லை என்று சொசூர் அன்றே காட்டிவிட்டார். 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, வெயில் சுள்ளென்று இறங்கும். கெடுப்பது முகில். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் நாட்கணக்கில் மூடிக்கிடக்கும். அப்போது இந்த அடுப்பை மடித்துப் பரணில் போட்டுவிடலாம். தை, மாசிதான் இதன் காலம். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிக்கு எது காரணமோ, அதே முகிலற்ற வானம்தான் காலை வெயிலையும் தருகிறது. பிற்பகலில் மீண்டும் மூடும் என்பதால், ஒன்பதரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் வேலையை முடித்துவிட வேண்டும்.

செய்வதற்கு எளியது, பிரான்சின் ரொஜர் பெர்னார் வகுத்த அமைப்பிலிருந்து 1994இல் அமெரிக்காவில் உருவான 'குக்கிட்'. ஆபிரிக்காவின் அகதி முகாம்களில் பெண்கள் கையாலேயே செய்து பரவியது இது. நான்கடிக்கு மூன்றடி கடதாசி மட்டை, அலுமினியத் தாள், பசை, அவ்வளவுதான். பசைக்குக் கோதுமை மாவைக் காய்ச்சினால் போதும், ரொட்டி சுடுகிற வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. தேயிலைத்தூள் கட்டும் கடதாசிச் சாக்குகள் பலவற்றின் உட்புறமும் அலுமினியத் தாள்தான். கிழிந்த சாக்கு கிடைக்குமா என்று டீமேக்கரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், கேட்காமல் எடுத்தால் வேறு வழக்காகிவிடும். மினுங்கும் பக்கம் வெளியே தெரியச் சுருக்கமில்லாமல் ஒட்டி, பின்பக்கத்தை நிமிர்த்தி, அதன் இரு சிறகுகளின் நுனிகளை முன்பக்கத்தில் போட்ட கீறல்களில் செருகினால் அடுப்பு தயார். எடை ஒரு கிலோகூட வராது. அந்த லேசுதான் மலைக்காற்றில் தொல்லை. மூலைக்கொரு கல் வையுங்கள்.

பாத்திரம் கறுப்பாக, மெல்லிய தகட்டில் இருக்க வேண்டும். ஊரெல்லாம் கறுப்புப் பெயின்ட் தேடுவார்கள். விறகடுப்பில் புழங்கிய லயத்துச் சட்டியில் கரி ஏற்கெனவே பிடித்திருக்கிறது, உதிரும் புகைக்கரியை மட்டும் துடைத்தால் சரி. சட்டியை மூன்று சிறு கற்களில் தூக்கி வைத்து, மேலே பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்க்கவும். ஒளி நுழையும், சூடு வெளியேறாது, காற்றும் தொடாது. சூடு தாங்கும் 'ஓவன்' பையும் சரிவரும். கடையில் தரும் பொலித்தீன் பை உருகி ஒட்டிக்கொள்ளும்.

கணக்கைப் பார்த்தால் ஆசை கொஞ்சம் அடங்கும். நுவரெலியாவில் தண்ணீர் கொதிப்பது ஏறத்தாழ 94 பாகையில். ஒரு லீட்டரை 18 பாகையிலிருந்து அங்கே கொண்டுபோக 318 கிலோஜூல் தேவை. நல்ல வெயிலில் இந்த மட்டை சட்டிக்குள் சேர்ப்பது 50, 60 வாட்தான். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகும். ஆனால் பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை, அடிப்பிடிக்காது, புகையாது. காலைப் பிரட்டுக்கு (ஆள்கணக்கெடுப்புக்கு) போகுமுன், உச்சிவெயில் எங்கே நிற்கும் என்று பார்த்து (தை மாதத்தில் கொஞ்சம் தெற்கே சாய்ந்திருக்கும்) அந்தப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போகலாம். கொழுந்து நிறுத்துப் பகல் சாப்பாட்டுக்குத் திரும்பும்போது மைசூர்ப் பருப்பு மசிந்திருக்கும். கடலையை இரவே ஊறவைத்தாலும் அதிக நேரம் பிடிக்கும். இடையில் முகில் மூடிவிட்டால் அரைவேக்காட்டை அப்படியே விடாமல் விறகடுப்புக்கு மாற்றிவிட வேண்டும்.

என் பார்வையில், தோட்டத்துக்கு இதன் பெரிய பயன் சமையலைவிடக் குடிதண்ணீரில்தான். தண்ணீர் கொதிக்கவே வேண்டுமென்பதில்லை. 65 பாகையில் சில நிமிடங்கள் நின்றாலே வயிற்றோட்டக் கிருமிகளும் ஹெப்படைடிஸ் ஏ வைரசும் செயலிழக்கும். அதற்கு 197 கிலோஜூல் போதும், கொதிக்கவைப்பதில் ஐந்தில் மூன்று பங்கு. அளந்து பார்க்கச் சமையல் வெப்பமானி வேண்டும். அல்லது 70 பாகையருகே உருகும் சோயா மெழுகை அடைத்த சிறு குழாய். வெயில் கொன்றொழிப்பது கிருமிகளை மட்டுமே. மலையில் அடித்த களைநாசினி ஓடையில் கலந்திருந்தால் அது அப்படியே இருக்கும்.

2022 ஏப்ரலில் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியபோது நகரத்து வீடுகளும் விறகு தேடின. பெரும்பாலான லயங்களில் அதற்கு முன்பும் பின்பும் எரிப்பது தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மிலாறுதான். வெயில் அடுப்பு வந்தாலும் மிலாற்றுக்கு முழு விடுதலை கிடையாது. தாளிப்புக்கும் ரொட்டிக்கும் 94 பாகை எந்த மூலைக்கு?