தும்ரி பாடுவதைப் போல ஒரு படம்

தில்லியின் சரோஜினி நகரில் மெட்ரோ ஏறி, ஐஎன்ஏவிலும் மத்தியச் செயலகத்திலும் வண்டி மாறினால் மண்டி ஹவுஸ். அங்கே இருக்கும் ஸ்ரீராம் பாரதிய கலா கேந்திராவில்தான் பனாரஸ் பாடகி சித்தேஸ்வரி தேவி 1965 முதல் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். 1977இல் தில்லியிலேயே காலமானார். அவரைப் பற்றி ஃபிலிம்ஸ் டிவிஷனுக்காக மணி கௌல் எடுத்த ‘சித்தேஸ்வரி’ 1989இல் வெளிவந்து, தேசிய விருதும் வாங்கியது. பார்த்தவர்களில் பலர் “ஒன்றும் புரியவில்லை” என்று எழுந்துபோகும் படம் அது. ஆனால், ஒரு பாடகியின் கற்பனை எப்படி ஓடுகிறது என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய இந்தியப் படம் வேறு இல்லை என்பது என் கட்சி.

காரணம் அவர் பாடிய தும்ரி என்ற இந்துஸ்தானி இசை வடிவத்திலேயே இருக்கிறது. தும்ரியில் சாகித்யம் சில வரிகள்தான். அதில் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ஒருமுறை கெஞ்சலாக, ஒருமுறை ஊடலாக, இன்னொருமுறை எல்லாம் முடிந்துபோன களைப்பாகப் பாடிக்கொண்டே போவார்கள். இதை ‘போல் பனாவ்’ என்பார்கள். நம் கர்நாடக இசையின் நிரவலுக்குச் சொந்தம்தான். ஆனால் நிரவலில் சொல் தாளத்தில் தன் இடத்தை விட்டு நகராது. இங்கே அது இஷ்டத்துக்கு நீளும், சுருங்கும். சித்தேஸ்வரி பாட்டைப் பிடித்ததும் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, தாயின் சகோதரி ராஜேஸ்வரி தேவி வீட்டில் வளர்ந்தவர். அந்த வீட்டுப் பெண்ணுக்கு நடந்த பாடத்தை ஓரமாக இருந்து கேட்டே ‘டப்பா’ என்ற வகைப் பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டினாராம். ஜியா மொஹியுத்தீன் டாகரிடம் துருபத் கற்ற கௌலுக்கு இந்தக் கேள்வி ஞானத்தின் அருமை தெரியும். அதனால் பிறப்பு, படிப்பு, புகழ் என்று வரிசையாகக் கதை சொல்லாமல், காசிச் சந்து, படித்துறை, கங்கையில் படகு என்று சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு முறையும் வேறொரு பாவம் ஏற்றுகிறார்.

‘பாடுவதை அப்படியே படம்பிடித்தால் போதாதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’வில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி கடற்கரையில் ‘கிருஷ்ணா நீ பேகனே’ ஆடுகிறார். காற்றில் சேலை படபடக்கிறது. அப்போது அவருக்கு 58 வயது. அந்தப் பதிவு இல்லாமல் போயிருந்தால் நமக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டம். ஆனாலும் நாம் பார்ப்பது முடிந்த கலையை. அது மனத்தில் உருவாகும் வழியை அல்ல. கௌலுக்கோ நேரில் பாடவைத்துப் படம்பிடிக்கும் வாய்ப்பே இல்லை, பாடகி மறைந்து 12 வருடம் கழித்து வந்த படம் இது. ‘அப்படியானால் நடிகையை வைத்து எடுத்தது ஆவணமா?’ என்றால், அதற்குப் படமே பதில் வைத்திருக்கிறது. சித்தேஸ்வரியாக வரும் மீதா வசிஷ்ட், கடைசியில் தொலைக்காட்சியில் உண்மையான சித்தேஸ்வரி பாடுவதைப் பார்க்கிறார். நடிப்பு எது, ஆள் யார் என்பதைப் படம் மறைக்கவில்லை.

புரியவில்லை என்ற குறையை மட்டும் முழுதாகத் தள்ளிவிட முடியாது. தும்ரியே கேட்டிராதவருக்கு இது கஷ்டமான படம்தான். முதலில் சித்தேஸ்வரியின் தும்ரி ஒன்றை முழுசாகக் கேட்டுவிட்டு உட்காருங்கள், பாதித் தடை விலகிவிடும்.