லேசர் வைத்த துப்பாக்கி வீட்டுக்குக் காவலா?

வீடியோவில் பார்த்திருப்பீங்க: கைத்துப்பாக்கியில் சிவப்பு லேசர் புள்ளி, குறியே தப்பாதாம். குழல் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு மட்டும்தான் அந்தப் புள்ளி காட்டும். இருட்டில் நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த உங்க பையனா என்று காட்டாது.

இங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். மாநகரங்களில் காவல் ஆணையரிடமும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கணும்; போலீஸ் விசாரணை உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும், பொதுவாக ஒருவருக்கு 2 துப்பாக்கிதான். வீடியோவில் வரும் 9 மி.மீ. பிஸ்டல் சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

ராத்திரி சத்தம் கேட்டால் அறைக் கதவைத் தாழ் போட்டுட்டு 112-ஐ அழையுங்க. ‘காவல் உதவி’ செயலியை இப்பவே இறக்கி வைத்தால், சிவப்பு ‘அவசரம்’ பொத்தானை அழுத்தினதும் நீங்க இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்ச் சேரும்.