திரைப்படங்களில் தொழுநோய்

ஈரல் பழுதுற்றவனையும் இதயம் நலிந்தவனையும் வீதியிற் காண்போர் நோயாளர் என்று அறிவதில்லை. தோல் கெட்டவனை மாத்திரம் உலகம் ஒரு கணத்தில் அறிந்து விலகிக்கொள்கின்றது. திரைப்படமோ பெரும்பாலும் கண்வழிப் பேசுங் கலை. ஆதலின், உள்ளத்தின் கேட்டை முகத்திலே எழுதிக்காட்ட விழைவோருக்குத் தோல்நோய் எளிதிற் கிட்டிய கருவியாயிற்று. தீயோனுக்கு வடுப்பட்ட முகம், தலைவனுக்கு மாசற்ற முகம் என்பது திரையுலகின் எழுதா விதிகளுள் ஒன்று. அவ்விதியின் பாரத்தை ஏனைய நோய்களினும் மிகுதியாகச் சுமந்தது தொழுநோய்.

1959ஆம் ஆண்டில் வெளிவந்த 'பென்-ஹர்' 11 ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அதற்கு முன் எப்படமும் அத்துணை விருதுகளை ஒருங்கே பெற்றதில்லை. லூ வாலஸ் என்பார் 1880இல் வெளியிட்ட நாவலைத் தழுவி வில்லியம் வைலர் இயக்கிய இப்படத்தைப் பார்த்தோர் தேரோட்டக் காட்சியையே பெரிதும் பேசுவர். கதையின் துன்பமோ வேறிடத்தில் உள்ளது. நாயகன் யூதா பென்-ஹரின் தாய் மிரியாமும் தங்கை தீர்சாவும் உரோமரின் சிறையிலே பல்லாண்டு அடைபட்டுக் கிடந்து தொழுநோயுறுகின்றனர். தன் முகத்தை மகன் காண்பதினும், தான் இறந்தாளென்று அவன் நம்புவதே நன்றெனக் கருதிய தாய், எஸ்தர் என்னும் பெண்ணிடம் அவ்வாறு கூறும்படி வாக்குப் பெறுகின்றாள். படம் முழுவதிலும் இதனினும் உண்மையான கட்டம் இல்லையெனலாம். நோயினால் வரும் நோவினும், அன்புடையார் கண்ணிற் படுவோமே என்னும் நாணம் கொடிது.

உண்மையறிந்த மகன் அஞ்சாது தொழுநோயாளர் வாழும் பள்ளத்தாக்கினுட் புகுந்து தங்கையைக் கையிலேந்தி வருகின்றான். இது படத்துக்குப் பெருமை தருவதே. ஆயினும், இயேசு சிலுவையில் உயிர்நீத்த வேளையில் இடியும் மழையும் எழ, இருவரின் தோலும் மாசற்றதாகிவிடுகின்றது. சமயக் கதையில் அற்புதம் நிகழ்வது குற்றமன்று. நமது புராணத்திலும் கண்ணன் மகன் சாம்பன் சூரியனை வழிபட்டுக் குட்டம் நீங்கினான். ஆனால், தோல் தூய்மையான பின்னரே குடும்பம் ஒன்றாகலாம் என்று கதை முடியும்போது, முன்னர் மகன் காட்டிய துணிவு பயனற்றதுபோல் ஆகிவிடுகின்றது.

இங்கே சொற்பொருள் பற்றியும் ஒன்று கூறவேண்டும். பழைய ஏற்பாட்டில் இந்நோயைக் குறிக்க வழங்கிய எபிரேயச் சொல், பல்வகைத் தோல்நோய்களையும், ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூஞ்சணத்தையுங்கூட உள்ளடக்கியது. தமிழிலும் நிறமிழப்பு மாத்திரமேயான, எவரையும் தொற்றாத வெண்படையை 'வெண்குட்டம்' எனப் பெயரிட்டு அவ்வினத்திற் சேர்த்துவிட்டனர். பெயர் ஒன்றானால் அச்சமும் ஒன்றாகிவிடும்.

மருத்துவ நூலார் கூறும் தொழுநோய் வேறு. அதன் காரணமாகிய பற்றீரியத்தை நோர்வே நாட்டு மருத்துவர் ஹன்சன் 1873இற் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகுவது. தொற்றிய பின் அறிகுறி தோன்றச் சராசரி 5 ஆண்டுகளும், சிலரில் 20 ஆண்டுகளும் செல்லும். மக்களுட் பெரும்பாலார் இயல்பாகவே அதனை எதிர்க்கும் ஆற்றலுடையர். விரல்கள் தாமே உதிர்வதில்லை. நரம்பு கெட்டு உணர்ச்சி அற்றபின், சுட்டதும் வெட்டியதும் தெரியாது புண்பட்டுப் புண்பட்டே அவை தேய்கின்றன. சல்போன் மருந்துகள் 1940களிலேயே பயன்படத் தொடங்கின. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பல மருந்துகளை ஒருங்கே வழங்கும் முறையைப் பரிந்துரைத்தது. ஆகவே, 'பென்-ஹர்' திரையிடப்பட்ட காலத்தே அற்புதத்துக்குக் காத்திராமலே நோயை நீக்க வழியிருந்தது. கதை முதலாம் நூற்றாண்டில் நிகழ்வதால் படத்தைக் குறைகூற இயலாது. அரங்கிலிருந்து வெளியேறியோர் அச்சத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுசென்றனர் என்பதே கவலைக்குரியது.

தமிழ்த் திரையும் இவ்வச்சத்துக்குத் துணைபோயிற்று. எம். ஆர். ராதா நடித்த 'இரத்தக்கண்ணீர்' (1954) விருதுப்படங்களின் வரிசையில் வைத்து எண்ணப்படுவதன்று. ஆயினும் ஒழுக்கங்கெட்டவனுக்குக் கிடைத்த கூலியாகத் தொழுநோயைத் தமிழர் உள்ளத்திற் பதித்ததில் அதற்கிணை வேறில்லை. நடிப்பின் ஆற்றல் ஐயத்துக்கிடமற்றது. மருத்துவமோ பிழையானது: தொழுநோய் காமத்தால் வருவதன்று. முதுகிலோ கையிலோ உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்றைக் கண்ட இளைஞன், அயலார் தன் ஒழுக்கத்தை ஐயுறுவர் என்றஞ்சிச் சட்டையால் மறைப்பானாயின், மாத்திரைகளால் ஓராண்டுக்குள் முடிந்திருக்க வேண்டிய நோய் அவன் விரல்களைக் கொண்டுபோகும்.

இவ்வச்சத்தை நேருக்கு நேர் நோக்கிய படம் ஈரானிலே தோன்றியது. பாரசீகக் கவிஞரான பரூக் பரூக்சாத் என்னும் பெண்மணி, 1962இல் தப்ரீஸ் நகருக்கு அண்மையிலுள்ள தொழுநோயாளர் குடியிருப்பிலே தங்கி, 12 நாட்களிற் படம்பிடித்த 'வீடு கரியது' என்பதே அது. ஓடுங்காலம் அரைமணியிலும் குறைவு. 1963இல் ஜேர்மனியின் ஓபர்ஹவுசன் விழாவிற் பரிசு பெற்றது. படத்தில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. ஆண்குரல் நோயின் இயல்பையும், அது தீர்க்கத்தக்கதென்பதையும், வறுமையோடு அதற்குள்ள உறவையும் உணர்ச்சி கலவாது உரைக்கின்றது. பெண்குரல் மறைநூல் வாசகங்களையும் கவிதையையும் இசைக்கின்றது. ஒன்று அறிவு, மற்றது இரக்கம். இரண்டும் கலவாது நிற்பதிலேயே படத்தின் வலிமை உள்ளது.

ஒப்பனை ஏதும் இல்லை. சிதைந்த முகத்தையுடைய பெண்ணொருத்தி கண்ணாடியில் தன்னை நோக்குகின்றாள், இன்னொருத்தி கண்ணுக்கு மையெழுதுகின்றாள், சிறுவர் பந்தாடுகின்றனர். இறுதியில் வரும் வகுப்பறையிலே, அழகான பொருள்களைக் கூறும்படி ஆசிரியர் கேட்க, மாணவர் நிலவையும் மலரையும் கூறுகின்றனர். அழகற்றவை எவை என்றதும், தம் உறுப்புகளையே ஒரு சிறுவன் பெயர்சொல்லி எண்ணிச் சிரிக்கின்றான். கற்பிப்போர் எவரும் அக்காட்சியை எளிதிற் கடந்துபோக இயலாது. படத்தின் பெயர் இருண்டதெனினும், மனத்தில் எஞ்சுவது அச்சிரிப்பே.

2004இல் வெளிவந்து, பாட்டுக்காக ஒஸ்கார் பெற்ற 'மோட்டார் சைக்கிள் நாட்குறிப்புகள்' என்ற படத்திலும் இத்தகைய கட்டம் ஒன்றுண்டு. 1952இல் பெரு நாட்டுச் சான் பாப்லோ விடுதிக்குச் சென்ற இளைஞர் ஏர்னஸ்ரோ குவேரா, கையுறை அணியவேண்டும் என்ற கன்னியரின் விதியை மறுத்து, நோயாளரின் கையை வெறுங்கையாற் பற்றுகின்றார். எனினும் அங்கே கதைத்தலைவர் குவேராவே. நோயாளர் அவரது பெருந்தன்மையை விளக்குதற்கு நின்றவர்கள்.

அக்குறையையும் நீக்கியது எகிப்தியப் படமாகிய 'யோமெத்தீன்'. 2018இற் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்று, பிரான்சுவா சாலே பரிசைப் பெற்ற இதில், நோய் தீர்ந்தும் குடியிருப்பிலேயே வாழ்ந்த ஒருவன் கழுதை வண்டியேறித் தன் குடும்பத்தைத் தேடிச் செல்கின்றான். அவனாக நடித்த ராடி கமால், தாமே தொழுநோயுற்றுத் தேறியவர். அவர் முகத்திலும் கையிலுங் காணும் வடுக்கள் ஒப்பனையாளர் தீட்டியவையல்ல.