ஐம்பது இரண்டுகள்

கோடிங் கற்போம் – 7

பாலிடெக்னிக் முதலாண்டு மாணவர் ஒருவர் பைத்தான் கற்கத் தொடங்கியிருந்தார். வீட்டில் மாடு உண்டு. தெருவில் சில வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார்கள். அம்மா நோட்டில் எழுதும் பால் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கலாமே என்று மூன்று வரியில் ஒரு புரோகிராம் எழுதினார். முதல் வரியில் லிட்டர் விலை 50 ரூபாய். இரண்டாவது வரி, எத்தனை லிட்டர் என்று இன்புட் கட்டளை மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளும். மூன்றாவது வரி, இரண்டையும் பெருக்கித் திரையில் காட்டும்.

ஓடவிட்டு 2 என்று தட்டினார். 100 வர வேண்டிய இடத்தில் 222222 என்று திரையின் குறுக்கே நீண்ட வரிசை ஒன்று வந்து நின்றது. எண்ணிப் பார்த்தால் சரியாக ஐம்பது இரண்டுகள்!

பிழைச் செய்தி ஏதாவது வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருக்கலாம். இங்கே அதுவும் இல்லை. பைத்தானைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்து முடிந்திருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில்தான் புதியவருக்கு இன்னொருவரின் துணை தேவைப்படுகிறது. இவருக்கு மூன்று பேரின் துணை கிடைத்தது.

முதலில் வந்தவர் ஒரு சீனியர். திரையை ஒரு பார்வை பார்த்தார். “இன்புட்டுக்கு முன்னாடி இன்ட் போடுடா, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போட்டதும் 100 வந்தது. மறுநாள் ஒரு வீட்டில் ஒன்றரை லிட்டர் கேட்டார்கள். 1.5 என்று தட்டியதும் ‘வேல்யூ எரர்’ என்று சொல்லிப் புரோகிராம் நின்றுவிட்டது. சீனியர் சொன்னதில் தவறில்லை. ஆனால் விடை மட்டும் கைமாறியது. காரணம் அவரிடமே தங்கிவிட்டது. அதனால் அரை லிட்டர் கணக்கு வந்ததும் மாணவர் பழையபடி திகைத்து நின்றார்.

இரண்டாமவர், ஐ.டி. வேலையில் இருக்கும் உறவுக்கார அண்ணன். “நான் படிச்சப்போ இன்புட்னு போட்டாலே நேரா பெருக்கிக் காட்டுமே, தம்பி!” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். அவர் கற்றது பைத்தான் 2. அதில் இன்புட் கட்டளை, நாம் தட்டுவதை ஒரு பைத்தான் கணக்காகவே எடுத்துக்கொண்டு மதிப்பிடும். 2 என்றால் எண் 2தான். கேட்க வசதியாக இருந்தாலும் இதில் ஆபத்தும் இருந்தது. விசைப்பலகையில் ஒருவர் எண்ணுக்குப் பதிலாக வில்லங்கமான ஒரு கட்டளையைத் தட்டினால் அதுவும் நிறைவேறிவிடும். 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இந்தப் பழக்கத்தை நிறுத்தியது; தட்டியது எதுவானாலும் அதை வெறும் எழுத்தாகவே வாங்கி வைக்கிறது. பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தக் காலத்துப் பாடங்களும் பதில்களும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. உதவி கேட்கும்போது எந்தப் பதிப்பு என்பதைச் சொல்லாவிட்டால் நல்ல மனதோடு வரும் பதிலும் நம்மைச் சுற்றலில் விட்டுவிடும்.

மூன்றாமவர், கம்ப்யூட்டர் லேபில் பக்கத்து இருக்கை மாணவி. அவரும் கற்றுக்குட்டிதான். அவர் கீபோர்டைத் தொடவே இல்லை; கேள்விதான் கேட்டார். “என்ன டைப் பண்ணுன? என்ன வரும்னு நெனச்ச? என்ன வந்துச்சு?” மூன்றுக்கும் பதில் வந்ததும் இன்னொன்று சொன்னார்: “பெருக்குறதுக்கு முன்னாடி, அதுக்குள்ள என்ன இருக்குன்னு பிரிண்ட் பண்ணிப் பாரேன்.”

உள்ளே இருப்பது எந்த வகை என்று காட்டும் டைப் என்ற கட்டளையைச் சேர்த்துப் பிரிண்ட் செய்ததும் குட்டு வெளிப்பட்டது. லிட்டர் கணக்கு எண்ணாக இல்லை. ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துச் சரமாக இருந்தது. ஒரு சரத்தை 50 ஆல் பெருக்கு என்றால், அதை ஐம்பது முறை அடுத்தடுத்து எழுது என்றே பைத்தான் எடுத்துக்கொள்ளும். தட்டப்பட்டது கூட்டிப் பெருக்க வேண்டிய தொகையா, அல்லது போன் நம்பரைப் போல அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியதா என்பது அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். முழு எண் என்றால் இன்ட், புள்ளி வைத்த எண் என்றால் ஃப்ளோட். மாணவர் இன்ட்டை எடுத்துவிட்டு ஃப்ளோட் போட்டார். 1.5 லிட்டருக்கு 75.0 என்று வந்தது. இந்த முறை ஏன் வந்தது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மாணவி சொன்ன வழி புதிதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி 1949 மே 6 அன்று முதன்முதலாக ஓடியது. அதை உருவாக்கிய மாரிஸ் வில்க்ஸ் அதே ஆண்டில் எழுதிய 126 வரிப் புரோகிராம் ஒன்றில் ஏறக்குறைய இருபது பிழைகள் இருந்தன. தன் எஞ்சிய வாழ்நாளில் ஒரு பெரும்பகுதி, தான் எழுதியதில் பிழை தேடுவதிலேயே போகப்போகிறது என்று அப்போது உறைத்ததைப் பின்னாளில் அவர் பதிவுசெய்திருக்கிறார். அவரோடு பணியாற்றிய ஸ்டான்லி கில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒவ்வொரு படியிலும் என்ன செய்கிறது என்பதை அச்சிட வைத்துப் பார்க்கும் முறையை வகுத்து, 1951-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார். கணினியையே உருவாக்கியவர்களுக்கும் யூகம் போதவில்லை; உள்ளே நடப்பதை அச்சிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

உங்களுக்கும் இந்த நிலை வரும். அப்போது ‘என் புரோகிராம் ஓடலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை வைத்துக்கொண்டு யாராலும் உதவ முடியாது. என்ன கொடுத்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, எந்தப் பதிப்பு என்ற நான்கையும் சொல்லுங்கள். பிழைச் செய்தி வந்திருந்தால் ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே காட்டுங்கள். நூறு வரிப் புரோகிராமாக இருந்தால், அதே கோளாறு வரும்படி நான்கைந்து வரியாகச் சுருக்குங்கள். சுருக்கும்போதே பாதி நேரம் கோளாறு தானாக அகப்பட்டுவிடும். யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. நீங்கள் உதவும் இடத்தில் இருந்தால், அடுத்தவர் கீபோர்டை இழுத்துக்கொள்ளாதீர்கள். தட்டுவது அவராக இருக்கட்டும்.

அந்தப் பால் கணக்கில் இன்னொரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. ஃப்ளோட் போட்ட புரோகிராமில் 1.1 என்று தட்டிப் பாருங்கள். 55 ரூபாய் வர வேண்டும். பைத்தான் 55.00000000000001 என்று காட்டும். ஸ்ட்ரிங் குழப்பம் தீர்ந்த பிறகும் இது எங்கிருந்து வருகிறது?

அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் வேறு எந்தெந்த எண்களுக்கு இப்படி வால் முளைக்கிறது என்று தேடி வையுங்கள்.